பழைய கார் சாவிக்கு ரேஞ்ச் குறைந்தால்: எதைச் சரிசெய்யலாம், எதற்குச் செலவு செய்யலாம், எதை விட்டுவிடலாம்

கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று அழுத்தினால்தான் பூட்டு திறக்கிறது என்றால், யாரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுவார்கள். அதோடு சரியாகிவிட்டால் நல்லது. சரியாகவில்லை என்றால்தான் காசு வீணாகத் தொடங்குகிறது. முதலில் புது ஷெல் (சாவியின் வெளிக்கூடு), பிறகு "லாங் ரேஞ்ச்" என்று விற்கும் ரிமோட், கடைசியில் முழு சென்டர் லாக் செட் என்று ஒவ்வொன்றாக வாங்கியும் ரேஞ்ச் அப்படியே இருக்கும். குறை சாவியில் இருக்கிறதா, காருக்குள் இருக்கிறதா, கார் நிற்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதால் வரும் வினை இது.

முதலில் எதிர்பார்ப்பை அளந்துகொள்ள வேண்டும். சுசுகியின் பழைய கார் கையேடுகள் பலவற்றில், ரிமோட் வேலை செய்யும் அதிகபட்சத் தூரம் சுமார் 5 மீட்டர் என்றே போட்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாவி நடைமுறையில் அதைத் தாண்டும். திறந்த இடத்தில் 10 முதல் 20 மீட்டர் வரை சாதாரணம். உங்கள் கார் வாங்கிய நாளிலிருந்தே 8 மீட்டர்தான் என்றால் அது பழுது அல்ல, அதன் வடிவமைப்பே அப்படி. முன்பு 15 மீட்டர் எட்டியது இப்போது 2 மீட்டர் என்றால் எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு.

அளந்து பார்ப்பது

ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த இடத்தில் காரை நிறுத்துங்கள். சாவியை இடுப்பு உயரத்தில் பிடித்து, 2 மீட்டருக்கு ஒருமுறை நின்று 5 தடவை அழுத்துங்கள். 4 தடவையாவது பதில் வரும் கடைசி இடம்தான் உங்கள் ரேஞ்ச். காரின் முன், பின், இரண்டு பக்கம் என நான்கு திசையிலும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி இதே மாதிரி அளக்க வேண்டும். இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

அடுத்து, பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் புது பேட்டரி போட்டு அளங்கள். முடிவில் பாதி இந்த ஒரு சோதனையிலேயே வந்துவிடும். ஒரு சாவி நன்றாக எட்டி மற்றது எட்டவில்லை என்றால் குறை அந்தச் சாவியில். இரண்டும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் சாவியைப் பிரிப்பதை விட்டுவிட்டுக் காருக்குள் தேடுங்கள். வீட்டு வாசலில் மட்டும் எட்டாமல் 50 மீட்டர் தள்ளி நிறுத்தினால் எட்டுகிறது என்றால் சாவியும் கெடவில்லை, காரும் கெடவில்லை; அந்த இடத்தில் இரைச்சல், அதாவது சாவியின் சிக்னலை மூழ்கடிக்கும் வேறு ரேடியோ அலைகள், இருக்கிறது.

ரேஞ்ச் குறைவதையும் பட்டன் தேய்வதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கதவருகே நின்றாலும் மூன்றாவது அழுத்தலில்தான் வேலை செய்கிறது, பூட்டும் பட்டன் நன்றாக இருக்கிறது, திறக்கும் பட்டன் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் அது ரேஞ்ச் அல்ல, சுவிட்ச். இன்னொன்று: வீட்டுக்குள் உட்கார்ந்து குழந்தை சாவியை அழுத்தி விளையாடிய பிறகு முதல் அழுத்தலுக்குக் கார் பதில் சொல்லாமல் போகலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும் ரிமோட்டுகளில் பரவலான கீலாக் முறையில், கார் கேட்காத அழுத்தல்கள் 16-ஐத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு தடவை அழுத்தினால்தான் கார் சாவியை மறுபடி ஏற்கும். அதையும் பழுதாக நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

இழந்ததை மீட்பது மலிவு, இல்லாததைக் கூட்டுவது கடினம்

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. தடையில்லாத வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க 4 மடங்கு திறன் போதும். அதாவது 6 டெசிபல். ஆனால் சாவியும், காருக்குள் அதன் சிக்னலைக் கேட்கும் ரிசீவரும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. நேராகப் போகும் அலையையும் தரையில் பட்டுத் தெறிக்கும் அலையையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 18 மீட்டருக்கு அப்பால் ஒன்று மற்றதை அழிக்கத் தொடங்குகிறது. அங்கிருந்து தூரத்தை இரட்டிப்பாக்க 16 மடங்கு திறன், அதாவது 12 டெசிபல் வேண்டும். 3 மீட்டரை 15 மீட்டராக்குவது எளிதாகவும், 20 மீட்டரை 40 ஆக்குவது பெரும்பாடாகவும் இருப்பது இதனால்தான். கீழே வரும் வழிகளை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவே இல்லாத ஒரு வழியும் இதிலிருந்து கிடைக்கிறது. சாவியை இடுப்பிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தினால் உயரம் இரட்டிப்பாகிறது. 18 மீட்டருக்கு அப்பால் ரேஞ்ச் ஏறத்தாழ 1.4 மடங்கு கூடும். தாடையில் வைத்து அழுத்தும் பழக்கமும் வெறும் நம்பிக்கை அல்ல. உயரம் கூடுகிறது, நீர் நிறைந்த தலை அலையை வெளியே தள்ள உதவுகிறது. வணிக வளாகப் பார்க்கிங்கில் காரைத் தேடுவதற்கு மட்டும்தான் ரேஞ்ச் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும்.

பேட்டரி: சரியானது, சரியான விதத்தில்

சிஆர்2032 பட்டன் செல் 3 வோல்ட், சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. சிஆர்2016-க்கு ஏறத்தாழ 90 தான், தடிமனும் 1.6 மில்லிமீட்டர். சிஆர்2032-இன் தடிமன் 3.2. இடம் சரியாக இருக்கிறது என்று மாற்றிப் போடும் தவறு இங்கேதான் நடக்கிறது. பழைய ரிமோட்டுகள் சிலவற்றில் இரண்டு சிஆர்2016 ஒன்றின் மேல் ஒன்றாக, 6 வோல்ட்டுக்கு அடுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு சிஆர்2032 கச்சிதமாக உட்கார்ந்துவிடும், விளக்கும் எரியும், ஆனால் கிடைப்பது 3 வோல்ட்தான், ரேஞ்ச் படுத்துவிடும். நேர்மாறாக, 3 வோல்ட் சாவியில் ரேஞ்ச் கூடும் என்று இரண்டு 2016 அடுக்குவதும் உண்டு. 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிப் அதில் இருந்தால் சாவி அத்தோடு முடிந்தது. சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032-உம் வேண்டாம்: முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், கொள்ளளவோ 40 மில்லிஆம்பியர்-மணி அளவுதான். போர்டில் அல்லது மூடியின் உட்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லது என்று அர்த்தமில்லை. சாவி அழுத்தப்படும் கணத்தில் 10 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய செல்லின் உள்தடை அப்போது வோல்டேஜைக் கவிழ்த்துவிடும். செல்லின் இரண்டு முனைகளுக்கு நடுவே 220 ஓம் ரெசிஸ்டரை இரண்டு நொடி பிடித்தபடி அளங்கள். ரெசிஸ்டர் இல்லாதபோது 3.0 காட்டிய செல் இப்போது 2.4 என்றால் அதன் உள்தடை 55 ஓம் அளவு, தூக்கிப் போடலாம். 2.7-க்கு மேல் நின்றால் குறை வேறெங்கோ இருக்கிறது. கடையில் நெடுநாள் கிடந்த செல்லும் இந்தச் சோதனையில் தோற்கும் என்பதால், புதிது வாங்கும்போதும் சோதித்துவிடுங்கள்.

குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் வருகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தப் பூச்சு சில சாவிகளில் தொடர்பைத் தடுக்கும். தொடர்பு படும் இடத்தை மட்டும் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துப் போடுங்கள். கழற்றிய செல்லின் இருபுறமும் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்த பிறகுதான் மற்ற வேலை. விழுங்கிய பட்டன் செல் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

சாவியைப் பிரித்துப் பழுதுபார்ப்பது

பேட்டரியைத் தாங்கும் தகரக் கால் தளர்ந்திருந்தால் அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலே போதும். பச்சை பூத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, ஒரு நாள் காய விடுங்கள். வாஷிங் மெஷினுக்குள் போய்வந்த சாவிக்கும் இதே வைத்தியம்தான். உடனே பேட்டரியைக் கழற்றுவதுதான் அதில் முக்கியம்.

பலமுறை கீழே விழுந்த சாவியில் ஈய இணைப்புகள் விரிசல் விட்டிருக்கும். அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் ரெசனேட்டர், சிறிய உலோகத் தொப்பி போல் இருப்பது, அதன் கால்களும் பேட்டரிக் காலும்தான் முதலில் விடும். ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் பசையைத் தடவி, 300 முதல் 320 டிகிரி சூட்டில் உள்ள சால்டரிங் முனையை ஒவ்வொரு காலிலும் இரண்டு நொடி வைத்துப் புதிதாக ஈயம் ஊட்டினால் இறந்த சாவிகூட எழுந்துவிடும். மெல்லிய முனை இல்லாமலும் முன் பழக்கம் இல்லாமலும் இதில் கை வைக்க வேண்டாம். மொபைல் ரிப்பேர் கடைக்காரர் பத்து நிமிடத்தில் செய்து தருவார். தேய்ந்த சுவிட்சையும் அவரே மாற்றிவிடுவார். பழையதைக் கழற்றி அதே அளவு, அதே உயரம் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உயரம் கூடினால் ஷெல் மூடியதுமே பட்டன் அழுந்தி நிற்கும், ஒரே இரவில் பேட்டரி காலி.

ரெசனேட்டரின் அதிர்வெண்ணே விலகிப்போயிருக்கிறதா என்று பார்க்க, கணினியில் செருகி ரேடியோ அலைகளைத் திரையில் பார்க்க உதவும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் போதும். சாவியை அழுத்தி 433.92-ஐச் சுற்றிப் பாருங்கள். 75 கிலோஹெர்ட்ஸ் வரை இப்படி அப்படி இருந்தால் இயல்பு. 200-க்கு மேல் தள்ளிப் போயிருந்தால் ரிசீவரின் வடிகட்டி அதைக் கேட்கவே கேட்காது. எந்தப் பேட்டரியும் அதைச் சரிசெய்யாது. போர்டில் அதிர்வெண்ணை மாற்றத் திருகக்கூடிய ட்ரிம்மர் இருந்தாலும், இப்படி அளக்க வசதி இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு திருகினால் இருக்கும் ரேஞ்சும் போகும்.

புது ஷெல் பற்றி: உடைந்ததற்கு மாற்றலாம், ரேஞ்சுக்காக மாற்றுவதில் பயனில்லை. அலங்காரத்துக்கு விற்கும் அலுமினிய உறை, உண்மையான கார்பன் ஃபைபர் உறை இரண்டும் ரேஞ்சைத் தின்னும். சிலிகோன் உறையால் கெடுதல் இல்லை. ஷெல் மாற்றும்போது பழைய ஷெல்லைக் குப்பையில் போடுமுன் அதனுள் இம்மொபிலைசர் சிப் (வேறு சாவியால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்புச் சிப்) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் குப்பி அல்லது கறுப்புச் செங்கல் போன்ற சின்னத் துண்டு. அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. ஐ-கேட்ஸ் இம்மொபிலைசர் உள்ள மாருதி போன்ற கார்களில் அது இல்லாமல் கதவு திறக்கும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

சாவிப் போர்டில் 17 சென்டிமீட்டர் வயர் ஒன்றை ஈயம் வைத்தால் ரேஞ்ச் பறக்கும் என்ற யோசனையும் சுற்றுகிறது. சாவிக்குள் இருக்கும் ஆன்டெனா ஒரு சின்னச் செம்பு வளையம். பல போர்டுகளில் அதுவேதான் அலையை உண்டாக்கும் சுற்றின் சுருளும். அதில் வயரைச் சேர்த்தால் இசைவு மாறி, வெளியே போகும் திறன் குறையவும் செய்யலாம். பலித்தாலும் பாக்கெட்டில் வால் முளைத்த சாவியோடு திரிய வேண்டும். இந்த வழியைத் தள்ளிவிடலாம்.

காருக்குள்: பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம்

கீழ் ரக வேரியன்ட்டுகளில் கம்பெனி ரிமோட் கிடையாது என்பதால், பழைய சான்ட்ரோ, ஆல்டோ, வேகன் ஆர் போன்ற பல கார்களில் ஆக்சசரீஸ் கடையில் போட்ட சென்டர் லாக் செட்தான் இருக்கிறது. அதன் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து மெல்லிய ஒற்றை வயர் ஒன்று எங்கும் இணைக்கப்படாமல் தொங்கும். அதுதான் ஆன்டெனா. பொருத்தும் அவசரத்தில் அதைச் சுருட்டி, மற்ற வயர்களோடு டேப் சுற்றி, ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே இரும்புக்கு நடுவில் திணித்துவிடுகிறார்கள். இரண்டு சாவியும் ஒரே மாதிரி ரேஞ்ச் குறைந்திருந்தால் முதலில் தேட வேண்டியது இதைத்தான். எல்லா வழிகளிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவதும் இதுதான்: ஒரு முறை நிமிர்த்தினால் எல்லாச் சாவிக்கும் ரேஞ்ச் கூடும், பேட்டரியும் கூடுதலாகத் தேயாது.

ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் பேனலைக் கழற்றி, பாக்ஸைக் கண்டுபிடித்து, கட்டை அவிழ்த்து வயரை முழு நீளத்துக்கு விரியுங்கள். வெட்டாதீர்கள். நீளத்தை அளங்கள்: 433.92-க்குக் கால் அலைநீளம் 17.3 சென்டிமீட்டர், வயரில் 16.5 முதல் 17 வரை இருந்தால் சரி. நீளம் கூடக் கூட ரேஞ்சும் கூடும் என்று நினைத்து 34 சென்டிமீட்டராக்கினால் பொருத்தம் கெட்டு, இருந்ததைவிட மோசமாகும். வயரை டேஷ்போர்டின் மேற்பரப்புக்கு அடியில், முன்கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய், முடிந்தால் முனையைக் கண்ணாடி ஓரமாக மேலே திருப்பி ஒட்டுங்கள். மற்ற வயர்க்கட்டிலிருந்தும் இரும்பிலிருந்தும் 5 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். முன்தூணின் பிளாஸ்டிக்குக்குள் விடுவது வசதியாகத் தெரிந்தாலும் வேண்டாம்: உள்ளே இரும்பு, சில கார்களில் கர்ட்டன் ஏர்பேகும் உண்டு.

பாக்ஸ் ஆழத்தில் இருந்து வயர் எட்டவில்லை என்றால் ஆர்ஜி174 கோஆக்ஸ் வயர் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ள வயர்) போடலாம். பாக்ஸ் பக்கம் நடுக்கம்பியை ஆன்டெனாப் புள்ளியிலும், வலையைப் போர்டின் கிரவுண்டிலும் ஈயம் வையுங்கள். மறுமுனையில் 17 சென்டிமீட்டருக்கு வலையை உரித்து நடுக்கம்பியை மட்டும் விடுங்கள். மீட்டருக்கு 0.6 டெசிபல் அளவுதான் இழப்பு. ஒரு மீட்டர் இழுத்து நல்ல இடத்துக்குக் கொண்டுவந்தால் லாபம் அதைவிட மிகப் பெரிது.

கம்பெனி ரிமோட் உள்ள கார்களில் ரிசீவர் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டின் போர்டிலேயே இருக்கும், நிமிர்த்த வயர் இருக்காது. அதைத் திறந்து ஆன்டெனா சேர்க்கப் போய் யூனிட் கெட்டால் கதவு, இண்டிகேட்டர், வைப்பர் என்று பலதும் படுத்துவிடும். ரேஞ்சுக்காக அந்த ஆபத்து தேவையில்லை.

எந்தக் கார் ஆனாலும் இரைச்சலைத் தேடுங்கள். 12 வோல்ட் சாக்கெட்டில் நிரந்தரமாகச் செருகியிருக்கும் மலிவான மொபைல் சார்ஜர், பார்க்கிங்கிலும் ஓடும் டேஷ்கேம், கேபின் எல்இடி விளக்கு ஆகியவை ரிசீவருக்குப் பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி அளங்கள். உலோகப் பூச்சுள்ள வெப்பத் தடுப்பு ஃபிலிம் ஒட்டிய பிறகு ரேஞ்ச் குறைந்திருந்தால் காரணம் அந்த ஃபிலிம்தான். செராமிக் ஃபிலிம் அந்தத் தொந்தரவு தராது.

புது ரிமோட்டா, புது செட்டா

கார் பக்கம் நன்றாக இருந்து சாவிப் போர்டு மட்டும் செத்திருந்தால் புது ரிமோட் வாங்குவதே சரி. அதிர்வெண், பண்பேற்ற முறை (அலையில் தகவலை ஏற்றும் விதம்), குறியீட்டு முறை மூன்றும் பொருந்த வேண்டும்; வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. கேட் ரிமோட்டை நகலெடுக்கும் "காப்பி ரிமோட்" மாறாத குறியீட்டை மட்டுமே நகலெடுக்கும். குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் கார் சாவிக்கு அது உதவாது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கார்கள் ஏராளமாக ஓடும் இலங்கையில் இன்னொரு கவனம் வேண்டும்: ஜப்பான் சந்தைக் கார்களின் ரிமோட் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்யும், 433 ரிமோட்டை எத்தனை முறை பதிவுசெய்தாலும் கார் ஏற்காது. அந்தக் கார்களில் ஆன்டெனா வயர் அளவும் வேறு, 22.5 முதல் 23.5 சென்டிமீட்டர். புது ரிமோட் பதிவுசெய்யப் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். சில யூனிட்டுகள் புதியதை ஏற்கும்போது பழையவற்றை அழித்துவிடும்.

மூன்றாம் மாடியிலிருந்து அழுத்தினால் கீழே கார் பூட்ட வேண்டும் என்பது தேவையானால், மேலே சொன்ன பழுதுபார்ப்புகள் எதுவும் போதாது. அதற்கு நீண்ட ரேஞ்சுக்கென்றே செய்த, காரிலிருந்து பதிலும் அனுப்பும் இருவழி ரிமோட் செட்தான் வழி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் திறந்தவெளிக் கணக்கு; கான்கிரீட்டுக்குள் அதில் சிறு பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குள் இருக்கும் பூட்டு மோட்டார்கள் நன்றாக இருந்தால் அவற்றை மாற்ற விடாதீர்கள். டிரைவர் கதவில் ஐந்து வயர் மோட்டாரும் மற்றவற்றில் இரண்டு வயர் மோட்டாரும் இருக்கும் வழக்கமான அமைப்பில் கண்ட்ரோல் பாக்ஸை மட்டும் மாற்றினால் போதும், செலவும் பாதியாகும். 12 வோல்ட் வயரில் பாக்ஸுக்கு அருகே ஃப்யூஸ் இருக்கிறதா, ஆன்டெனா வயர் சுருட்டப்படாமல் நிமிர்ந்து போகிறதா என்று நின்று பாருங்கள். கம்பெனி அலாரம் உள்ள காரில் புது செட்டால் கதவைத் திறந்தால் ஹாரன் அலறக்கூடும். காசு கொடுக்குமுன் கம்பெனி சாவியால் பூட்டி, புது ரிமோட்டால் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சாவியின் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையர், ரிப்பீட்டர் என்று விற்பவை வேண்டவே வேண்டாம். உரிமமில்லாமல் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த அனுமதி இருப்பது மிகக் குறைந்த திறனுக்கு மட்டும். ஐரோப்பாவில் அந்த எல்லை 10 மில்லிவாட். அதை மீறினால் சட்டத்தை மீறுவதோடு, அக்கம்பக்கத்தார் கார் சாவிகளையும் கேட் ரிமோட்டுகளையும் முடக்குவீர்கள்.

ரேஞ்ச் கூடிய பிறகு ஒன்றைச் சோதிக்க வேண்டும். வீட்டுக்குள் பாக்கெட்டில் தெரியாமல் அழுந்தினாலும் இனி தெருவில் நிற்கும் கார் திறக்கும். திறந்த பிறகு யாரும் கதவைத் தொடாவிட்டால் அரை நிமிட அளவில் தானாக மறுபடி பூட்டும் வசதி பல செட்டுகளில் உண்டு. காருக்கு வெளியே நின்று, இன்னொரு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு, திறக்கும் பட்டனை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். பூட்டவில்லை என்றால் பொருத்தியவரிடம் அந்த வசதியை இயக்கித் தரச் சொல்லுங்கள்.